தகுதிச் சுற்று

2019-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக்கு இரண்டு கால்பந்து சாம்பியன்கள் கிடைத்தார்கள். மார்ச் 9 அன்று கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என வென்று சென்னை சிட்டி எஃப்சி ஐ-லீக் கோப்பையைத் தூக்கியது. அது ஆண்கள் அணி. இரண்டரை மாதம் கழித்து, மே 22 அன்று, லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை அதே 3-1 கணக்கில் வென்று மதுரையின் சேது எஃப்சி இந்திய மகளிர் லீக் சாம்பியன் ஆனது. பயிற்சியாளர் அம்ருதா அரவிந்த். இந்திய மகளிர் லீக்கை வென்ற முதல் பெண் தலைமைப் பயிற்சியாளர் அவர்தான். பெண்கள் லீக்கில் இதுவே ஒரு செய்தியாக இருந்தது என்பதைக் கவனியுங்கள். ஆண்கள் அணியைப் பெண் பயிற்றுவிப்பது செய்தியாகலாம், புரிகிறது. பெண்கள் அணியைப் பெண் பயிற்றுவிப்பதும் அப்போது செய்திதான்.

இந்த இரண்டு சாம்பியன்களுக்கும் அடுத்து என்ன கிடைத்தது என்பதுதான் என் விஷயம்.

சென்னை சிட்டிக்கு ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்றில் இடம் கிடைத்தது. 2020 ஜனவரி 14 அன்று பஹ்ரைன் போய் அல்-ரிஃபா கிளப்பிடம் 0-1 எனத் தோற்றார்கள். ஒரே ஆட்டம், ஒரே கோல், அவ்வளவுதான். ஆனால் தோற்றவர்களுக்கும் ஒரு படி கீழே இன்னொரு மெத்தை விரித்திருந்தார்கள்: ஏஎஃப்சி கோப்பையின் குரூப் சுற்று. ஆசியாவின் கிளப் வரலாற்றில் ‘சென்னை சிட்டி, தகுதிச் சுற்று, தோல்வி’ என்று ஒரு வரி நிரந்தரமாக இருக்கிறது.

சேதுவுக்கு அந்த வரி கிடையாது. அவர்கள் தோற்கவில்லை, தோற்பதற்கு ஆட்டமே இல்லை. அந்த வருடம் நவம்பர் கடைசியில் தென்கொரியாவின் யோங்கின் நகரத்தில் ஆசியாவின் முதல் மகளிர் கிளப் சாம்பியன்ஷிப் நடந்தது. சோதனை ஓட்டம் என்று பெயர். ஜப்பானிலிருந்து நிப்பான் டிவி பெலேஸா, சீனாவிலிருந்து ஜியாங்சு சுனிங், கொரியாவிலிருந்து இஞ்சியோன் ஹூண்டாய் ஸ்டீல், ஆஸ்திரேலியாவிலிருந்து மெல்போர்ன் விக்டரி. நான்கே அணிகள், ஐந்து நாளில் முடிந்தது, பெலேஸா வென்றது. தகுதிச் சுற்று என்று ஒன்று இல்லை. அழைப்பு மட்டும்தான் இருந்தது. இந்தியாவுக்கு அழைப்பு இல்லை.

நான் பொன்னமராவதியில் வரலாறு பாடம் நடத்துகிறவள். கால்பந்து எனக்குத் தொழில் அல்ல. ஆனாலும் இந்த ‘தகுதிச் சுற்று’ என்ற சொல் என்னை விடவில்லை. எங்கள் ஊரிலிருந்து கொட்டாம்பட்டி, மேலூர் வழியாக மதுரை போய்விடலாம். காலையில் கிளம்பினால் வேலையை முடித்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்புகிற தூரம். அந்தத் தூரத்தில் இருக்கும் ஓர் ஊரின் பெயரைத் தாங்கிய அணி இந்தியாவின் முதல் இடத்துக்கு வந்திருக்கிறது. எங்கள் வகுப்புப் பிள்ளைகளில் ஒருத்திக்கும் அது தெரிந்திருக்கவில்லை. ஐபிஎல் அணிகளின் கேப்டன்களைக் கேட்டால் பெஞ்ச் பெஞ்சாகப் பதில் வரும். அறியாமை என்று பிள்ளைகள் மேல் பழி போடுவது சுலபம். அடுத்த கட்டம் இல்லாத வெற்றியைப் பத்திரிகை எத்தனை நாள் எழுதும்? ஒரு நாள் எழுதும். மறுநாள் ‘அடுத்து இவர்கள் யாரோடு மோதுகிறார்கள்’ என்று எழுத ஒன்றும் இல்லையென்றால் செய்தி அங்கேயே முடிந்துவிடும். தகுதிச் சுற்று என்பது விளையாட்டில் மிகச் சலிப்பான பகுதி என்று சொல்வார்கள். யாரும் டிக்கெட் வாங்கிப் பார்ப்பதில்லை, பெரிய அணிகள் அதில் ஆடுவதே இல்லை. ஆனால் வரலாறு படிக்கிறவளுக்கு அது நிலைக்கதவு மாதிரி. யார் உள்ளே வரலாம், யார் திண்ணையோடு நிற்க வேண்டும் என்பது அங்கேதான் தீர்மானமாகிறது.

ஆசியாவின் ஆண்கள் கிளப்புகளுக்கான முதல் போட்டி 1967-இல் பாங்காக்கில் நடந்தது. பெண்கள் கிளப்புகளுக்கு, சோதனை ஓட்டமாகவே, 2019. இடையில் 52 ஆண்டுகள். இந்த 52 ஆண்டும் பெண்கள் ஆடாமல் உட்கார்ந்திருந்தார்களா என்றால் இல்லை. 1968-லேயே ஆசிய மகளிர் கால்பந்துக் கூட்டமைப்பு என்று தனியாக ஒன்று தொடங்கிவிட்டார்கள். ஆண்களின் கூட்டமைப்பு கூப்பிடட்டும் என்று காத்திருக்கவில்லை. 1975-இல் ஹாங்காங்கில் முதல் ஆசிய மகளிர் சாம்பியன்ஷிப்பை நடத்தியதும் அவர்கள்தான். அதே 1975-இல் இந்தியாவிலும் பெண்களுக்கென்று தனிக் கால்பந்துக் கூட்டமைப்பு உருவானது. 1980 ஜனவரியில் ஆசியப் போட்டி நம் பக்கத்து மாநிலத்தில், கோழிக்கோட்டில் நடந்தது. இந்தியா தெற்கு, வடக்கு என்று இரண்டு அணிகளை இறக்கியது, தெற்கு அணி இறுதி ஆட்டம் வரை போய் தைவானிடம் தோற்றது. 1983-இல் பாங்காக்கில் மறுபடி இரண்டாம் இடம். ஆண்கள் அணி அந்தக் காலத்தில் ஆசியாவில் எங்கே நின்றது என்று தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் சொன்னால் வம்பாகிவிடும்.

பிறகு 1986-இல் ஆசியப் பெண்கள் கூட்டமைப்பு ஆண்களின் கூட்டமைப்போடு இணைக்கப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் இந்தியாவிலும் அப்படியே. இதை ‘அங்கீகாரம்’ என்று எழுதுவது வழக்கம். அங்கீகாரம்தான், சந்தேகமில்லை: பணம், நடுவர்கள், மைதானம், ஃபிஃபாவின் முத்திரை எல்லாம் அந்தப் பக்கம் இருந்தன. ஆனால் சொந்தமாகப் போட்டி நடத்திக்கொண்டிருந்தவர்கள் இணைப்புக்குப் பிறகு அடுத்தவர் நாள்காட்டியில் இடம் கேட்டு நிற்கிறவர்களானார்கள் என்பதும் சேர்ந்தே நடந்தது. இந்திய ஆண்களுக்கு தேசிய லீக் 1996-இல் தொடங்கியது. பெண்களுக்கு 2016-இன் இறுதியில்தான். கட்டாக்கில் ஆரம்பச் சுற்று நடந்து, 2017 தொடக்கத்தில் டெல்லியில் இறுதிச் சுற்று நடந்தது. ஜப்பான் தன் பெண்களுக்கு தேசிய லீக்கைத் தொடங்கியது 1989-இல். இந்த எண்ணைப் பின்னால் ஓரிடத்தில் திரும்ப எடுப்பேன்.

இங்கிலாந்தின் கதை பலருக்குத் தெரிந்தது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் டிக் கெர் தொழிற்சாலைப் பெண்களின் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். அடுத்த டிசம்பர் 5 அன்று, கால்பந்து பெண்களுக்குப் பொருத்தமானதல்ல என்று சொல்லி, சங்கத்தின் கிளப் மைதானங்களில் பெண்கள் ஆடுவதை இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தடை செய்தது. ஐம்பது ஆண்டு. தடை போடாத நாடுகளில் வெறுமனே ஏற்பாடு செய்யாமல் விட்டார்கள். விளைவு பெரிதாக வேறுபடவில்லை.

‘தகுதி’ என்ற சொல்லைப் பற்றி எங்கள் மாவட்டத்துக்காரி ஒருத்தியைச் சொல்லாமல் மேலே போக முடியாது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 தோஹா ஆசிய விளையாட்டில் பெண்கள் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். செங்கல் சூளையில் வேலை பார்த்த பெற்றோரின் மகள், தலித் குடும்பம். சில நாட்களில் பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். ஆண் ஓட்டக்காரரிடம் ‘நீ ஆண்தானா’ என்று யாரும் கேட்டதில்லை. பெண்ணுக்கு மட்டும் ஓடித் தகுதி பெறுவதற்கு முன்பே இன்னொரு தகுதிச் சுற்று, அது அவள் உடம்பின் மேல் நடக்கிறது. பின்னாளில் அவர் தமிழ்நாடு அரசின் பயிற்சியாளரானார். பறித்த பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. 2025 செப்டம்பரிலிருந்து உலகத் தடகள அமைப்பு, பெண்கள் பிரிவில் உலகத் தரவரிசைப் போட்டிகளில் ஓட விரும்பும் எல்லோருக்கும் மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. சாந்திக்கு நடந்தது பழங்கதை என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இதே மாவட்டத்தில் வேறொரு வரலாறும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. கேலி செய்தவர்கள் கேலி செய்தார்கள், இவர்கள் ஓட்டினார்கள். கல்குவாரிக்குப் போகிறவர், அங்கன்வாடி ஊழியர், பூ விற்கிறவர் என்று எல்லோரும். அந்தப் பெண்களின் பேத்திகள்தான் இன்று எங்கள் ஊரில் பந்து உதைக்கிறார்கள். ஆகவே ‘நம் ஊர்ப் பெண்களுக்கு இதெல்லாம் பழக்கமில்லை’ என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும்.

கதைக்குத் திரும்புகிறேன். ஆசியாவின் கதவு இந்தியப் பெண்களுக்கு 2021-இல் திறந்தது. அப்போது இந்தியாவின் சாம்பியன் சேது இல்லை. 2020 பிப்ரவரியில் பெங்களூரில் கிரிப்சா அணியை 3-2 என வென்று கோகுலம் கேரளா பட்டத்தைப் பிடித்திருந்தது. அடுத்த பருவம் கொரோனாவால் நடக்கவே இல்லை. எனவே 2021 நவம்பரில் ஜோர்டானின் அகாபா நகரத்துக்கு கோகுலம் போனது. அம்மான் கிளப்பிடம் 1-2, ஈரானின் ஷஹர்தாரி சிர்ஜானிடம் 0-1, பிறகு உஸ்பெகிஸ்தானின் புன்யோத்கோரை 3-1 என வென்றது. பஞ்சாபைச் சேர்ந்த மனீஷா கல்யாண் அங்கே கோல் அடித்தார். ஆசிய மகளிர் கிளப் போட்டியில் ஓர் இந்தியப் பெண் அடித்த முதல் கோல் அது. நான்கு அணிகளில் மூன்றாம் இடம். ‘முதல்’ என்று எழுதும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கசப்பு உண்டு: நூறு ஆண்டுக்கு மேல் கால்பந்து ஆடுகிற நாட்டில் 2021-இல் ‘முதல்’.

2022-இல் சேதுவுக்கு வாய்ப்பு வந்தது. அந்த வருட மகளிர் லீக் முழுவதும் ஒடிசாவில் நடந்தது. மே 26, புவனேஸ்வர் கலிங்கா ஸ்டேடியம், கடைசி ஆட்டம், சேதுவும் கோகுலமும். கோகுலத்துக்கு டிரா போதும். சேது வென்றே ஆக வேண்டும். பெயர் லீக் ஆட்டம்தான், ஆனால் அது ஆசியாவுக்கான பிளே-ஆஃப். ஜெயிக்கிற அணி உஸ்பெகிஸ்தானுக்கு விமானம் ஏறும். சேதுதான் முதல் கோலை அடித்தது. ஆட்டம் தொடங்கிய சில நிமிடத்திலேயே. அதற்குப் பிறகு கோகுலம் மூன்று அடித்தது. 3-1. லூதியானாவில் சேதுவுக்குச் சாதகமாக இருந்த அதே எண்.

அடுத்து நடந்ததை நினைத்தால், போகாததே நல்லது என்று சேது வீராங்கனைகள் நினைத்திருப்பார்களோ என்று தோன்றும். ஆகஸ்ட் 16 அன்று கோகுலம் பெண்கள் தாஷ்கண்ட் போய் இறங்கினார்கள். அதற்குச் சில மணி நேரம் முன்புதான் ஃபிஃபா அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்திருந்தது. காரணம், ‘மூன்றாம் தரப்பின் தலையீடு’. கூட்டமைப்பில் தேர்தல் நடத்தாமல் பதவிக்காலம் முடிந்த பிறகும் நிர்வாகம் நீடித்தது. உச்ச நீதிமன்றம் மே மாதம் அதைக் கலைத்து நிர்வாகிகள் குழுவை அமர்த்தியது. அது ஃபிஃபாவின் விதிக்கு ஒவ்வவில்லை. இந்த முழுச் சங்கிலியில் கோகுலம் பெண்கள் ஒருவரும் எங்கும் இல்லை. நாற்காலியை விடாதவர்கள் வேறு, வழக்குப் போட்டவர்கள் வேறு, தண்டனை கொடுத்தவர்கள் வேறு. தண்டனை மட்டும் இவர்களுக்கு.

ஆகஸ்ட் 23 அன்று கார்ஷி நகரத்தில் சோக்தியானா கிளப்போடு அவர்கள் ஆட வேண்டும். 26 அன்று ஈரானின் பாம் கத்தூனோடு. ஹோட்டலில் காத்திருந்தார்கள். கிளப் பிரதமருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியது. விளையாட்டு அமைச்சகம் ஃபிஃபாவுக்கும் ஆசியக் கூட்டமைப்புக்கும் எழுதியது. பெண்கள் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் தடை தெரிந்தது, அவர்களையாவது ஆட விடுங்கள் என்று. விடவில்லை. ஆடாமலேயே திரும்பினார்கள்.

தடை நீங்கிய நாள் ஆகஸ்ட் 26. அவர்களுடைய இரண்டாவது ஆட்டம் நடந்திருக்க வேண்டிய அதே தேதி.

அதே தடையின் கீழ் ஆண்கள் கிளப் ஒன்றும் இருந்தது. ஏடிகே மோகன் பகான் செப்டம்பர் 7 அன்று கொல்கத்தாவில் ஏஎஃப்சி கோப்பையின் ஒரு முக்கிய ஆட்டத்தில் ஆட வேண்டியிருந்தது. பன்னிரண்டு நாள் முன்னால் தடை விலகியதால் அவர்கள் ஆடினார்கள், கோலாலம்பூர் சிட்டியிடம் 1-3 எனத் தோற்றார்கள். யாரும் திட்டமிட்டு அப்படிச் செய்யவில்லை, தேதிகள் அப்படி விழுந்தன. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தடையை அவ்வளவு வேகமாக நீக்க வைத்த அழுத்தங்களில் முக்கியமானது அக்டோபரில் இந்தியாவில் நடக்கவிருந்த 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை. அதாவது பெண்கள் ஆட்டத்தின் பெயரால் தடை உடைந்தது. பலன் முதலில் போய்ச் சேர்ந்த சீனியர் அணி ஆண்களுடையது. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் தாஷ்கண்ட் ஹோட்டல் அறையில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அதை எப்படி விளக்குவீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

2023-இல் கோகுலம் மறுபடி போனது, தாய்லாந்தில் குரூப் சுற்றோடு திரும்பியது. 2024-இல் போட்டியின் பெயர் ஆசிய மகளிர் சாம்பியன்ஸ் லீக் என்று மாறியது. அப்போதுதான் முறையான தகுதிச் சுற்று வந்தது. அதன் அமைப்பு எளிமையானது, கொடுமையானதும் கூட. தரவரிசையில் மேலே உள்ள நாடுகளின் சாம்பியன்கள் நேராகக் குரூப் சுற்றுக்குப் போவார்கள். மற்றவர்கள் மூன்று நான்கு அணிகளாக ஓரிடத்தில் கூடி ஒருவாரத்தில் ஆடி முடிக்க வேண்டும். முதல் இடம் மட்டும் மேலே போகும். இரண்டாம் இடத்துக்கு மெத்தை கிடையாது. சென்னை சிட்டிக்கு விரித்த மாதிரி ஏஎஃப்சி கோப்பை என்று இரண்டாம் அடுக்குப் போட்டி எதுவும் பெண்களுக்கு இல்லை. ஓர் ஆட்டம் சறுக்கினால் வருடம் முடிந்தது.

அந்தச் சுற்றை முதல் முயற்சியிலேயே ஒடிசா எஃப்சி தாண்டியது. ஆகஸ்டில் ஜோர்டானில் சிங்கப்பூரின் லயன் சிட்டி செய்லர்ஸை 4-1, உள்ளூர் எதிஹாத்தை 2-1. பெரிய விஷயம் இது. ஆனால் நம்மில் பலருக்கு நினைவில் நிற்பது அக்டோபரில் வியட்நாமில் வந்த எண்: உராவா ரெட் டயமண்ட்ஸ் 17, ஒடிசா 0.

அன்று சமூக ஊடகத்தில் வந்த கிண்டல்களை நான் படித்தேன். ‘சமையலறைக்குப் போங்கள்’ வகை. எண்ணிக் கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் பதினேழு வரை எண்ணத் தெரிந்தவர்கள்தான், இன்னொரு கணக்கும் போட்டிருக்கலாம். ஜப்பானின் தேசிய மகளிர் லீக் 1989, இந்தியாவினுடையது 2016. இடையில் 27 வருடம். உராவாவின் பெண்கள் 2021 முதல் முழுநேரத் தொழில்முறை லீக்கில் ஆடுகிறவர்கள். நம் லீக், பல ஆண்டுகள், மூன்று வாரத்தில் ஒரே ஊரில் ஆரம்பித்து முடிகிற திருவிழா. மீதி வருடம் அந்தப் பெண்கள் மாநிலப் போட்டி, போலீஸ் போட்டி, வேலை தேடல். 2023-இல்தான் அகில இந்தியக் கூட்டமைப்பு, உயர்மட்ட லீக்கின் ஒவ்வொரு மகளிர் கிளப்பும் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய் குறைந்தபட்சச் சம்பளத்தில் ஒப்பந்தம் போட வேண்டும் என்று முடிவு செய்தது. மாதத்துக்குச் சுமார் 26,700 ரூபாய். பத்துப் பேருக்கு. ஓர் அணியில் இருபதுக்கு மேல் இருப்பார்கள்.

தோல்வி தோல்விதான், அதை மூடி மறைக்க நான் வரவில்லை. பதினேழு கோல் வாங்கினால் தற்காப்பில் கோளாறு இருக்கிறது. ஆனால் 2019-இல் சேதுவுக்குக் கிடைக்காதது இதுதான்: தோற்க ஓர் இடம். 2024-இல் ஒடிசா அங்கே போய்த் தோற்றது. அடுத்த வருடம் ஈஸ்ட் பெங்கால் போனது. ஆகஸ்ட் 2025, கம்போடியாவின் புனோம் பென். உள்ளூர் புனோம் பென் கிரவுன் அணியை 1-0 என வென்றார்கள். கடைசி ஆட்டத்தில் ஹாங்காங்கின் கிட்சீயோடு டிரா போதும் என்ற நிலை. 1-1. ஈஸ்ட் பெங்காலின் கோலை அடித்தவர் சங்கீதா பாஸ்போர். அதற்கு முன்பு, ஜூலை 5 அன்று, தாய்லாந்தை அதன் சொந்த மண்ணில் 2-1 என வீழ்த்தி இந்தியாவை ஆசியக் கோப்பைக்கு அனுப்பிய இரண்டு கோல்களும் அவருடையவைதான். இரண்டு தகுதிச் சுற்றுகளிலும் அதே கால்.

நவம்பரில் சீனாவின் வூஹானில் ஈஸ்ட் பெங்கால் ஈரானின் பாம் கத்தூனை 3-1 என வென்றது. மறுபடி அந்த எண். பாம் கத்தூன் யார் என்று நினைவிருக்கும், உஸ்பெகிஸ்தானில் ஆட முடியாமல் போன இரண்டாவது ஆட்டத்தின் எதிரணி. பிறகு வூஹானிடம் 0-2, உஸ்பெகிஸ்தானின் நசாஃபிடம் 0-3, வெளியேற்றம். பதினேழிலிருந்து இங்கே வர ஒரு வருடம் ஆனது.

தமிழ்நாட்டைப் பற்றி. இந்திய மகளிர் கால்பந்தில் மணிப்பூருக்கு அடுத்து நம் பிள்ளைகளின் பெயரைத்தான் அடிக்கடி பார்க்கலாம். 2018-இல் கட்டாக்கில் மணிப்பூரையே 2-1 என வென்று தமிழ்நாடு தேசிய சாம்பியன் ஆனது. 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவை அதே கணக்கில் வென்று மறுபடி. கடலூரில் அரசுக் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து பந்து பிடித்த சந்தியா ரங்கநாதன், கடலூரின் இந்துமதி கதிரேசன் என்று இந்திய அணிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். இருவருமே சேதுவுக்கு ஆடியவர்கள். இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். சீருடை வேலை இங்கே பெண் கால்பந்துக்காரிக்குச் சம்பளம் மட்டும் தருவதில்லை, ‘இதெல்லாம் எதுக்கு’ என்று கேட்கும் உறவினருக்குச் சொல்ல ஒரு பதிலும் தருகிறது.

அந்தக் கேள்வியை எங்கள் ஊரில் நானும் கேட்டிருக்கிறேன், அதாவது என்னிடம் கேட்டார்கள். சாயங்காலம் மைதானத்தில் எட்டுப் பத்துப் பெண் பிள்ளைகள் ஆடுவார்கள். ஆறு மணிக்கு மேல் பையன்களின் கிரிக்கெட் ஸ்டம்பு நடுவில் இறங்கிவிடும், இவர்கள் ஓரத்துக்கு நகர்வார்கள். அப்படி ஒரு பிள்ளையின் அம்மா, கடையில் நின்று வேலை பார்க்கிறவர், ஒருநாள் என்னை நிறுத்திக் கேட்டார்.

“டீச்சர், ஒண்ணு கேக்கவா? இவ ஆடுறா, நல்லா ஆடுறான்னு சார் சொல்றாரு. சரி. இது எதுவரைக்கும் போகும்?”

“ஜில்லா, ஸ்டேட், அப்புறம் லீக் இருக்கும்மா.”

“அதுக்கு அப்புறம்?”

நான் கம்போடியா, ஜோர்டான் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஜோர்டான் எங்கே இருக்கிறது என்றும் கேட்கவில்லை. “அங்க போனா தோத்துட்டு வந்தாலும் பேரு எழுதுவாங்களா டீச்சர்?” என்றார். எழுதுவார்கள் என்றேன். “அப்பச் சரி. ஏழு மணிக்குள்ள வீட்டுக்கு வந்துரச் சொல்லுங்க. இருட்டுல அந்த ரோட்டுல லைட்டு இல்ல.”

லைட் விஷயமாகப் பேரூராட்சிக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். கையெழுத்துப் போட்டவர்களில் பதினோரு பேர் அம்மாக்கள், இரண்டு பேர் அப்பாக்கள்.